செல்ஃப் எடுக்கிறது, ஆனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை: குறையைப் படிப்படியாகக் கண்டறியும் வழி

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றுகிறது. எவ்வளவு நேரம் சுற்றினாலும் இன்ஜின் தானாக ஓடத் தொடங்குவதில்லை. இந்த நிலையில் பலரும் முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றுகிறார்கள், பிறகு பெட்ரோல் பம்பை மாற்றுகிறார்கள், அதற்கும் பலன் இல்லையென்றால் ஏதாவது ஒரு சென்சாரை மாற்றுகிறார்கள். பணம் செலவாகிறதே தவிர, குறை எங்கே என்பது கடைசி வரை தெரிவதில்லை. இதற்கு நேர்மாறான ஒரு முறை உண்டு. இன்ஜினுக்கு எது கிடைக்கவில்லை என்பதை முதலில் உறுதிசெய்து, அது ஏன் கிடைக்கவில்லை என்பதை அடுத்துத் தேடி, விடை தெரிந்த பிறகே பாகத்தில் கைவைப்பதுதான் அந்த முறை.

பெட்ரோல் இன்ஜின் ஓடுவதற்குக் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்து உள்ளே வர வேண்டும். அந்தக் கலவை போதிய அளவு அழுத்தப்பட வேண்டும். அழுத்தம் உச்சத்தை நெருங்கும் தருணத்தில் பொறி விழ வேண்டும். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. காற்றை அழுத்துவதால் எழும் வெப்பமே அங்கு டீசலைப் பற்றவைக்கிறது. செல்ஃப் எடுத்தும் ஸ்டார்ட் ஆகாத எந்தக் காரிலும் இவற்றில் ஏதோ ஒன்று இல்லை, அல்லது எல்லாம் இருந்தும் நேரம் தவறி நிகழ்கிறது. பின்வரும் படிகளை இதே வரிசையில் செய்வது நல்லது. ஏனெனில் கருவி எதுவும் தேவைப்படாத, எதையும் கழற்ற வேண்டியிராத சோதனைகளை முன்னால் வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்

ஒரே மூச்சில் 10 விநாடிகளுக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடமாவது விட்டால்தான் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சூடு தணியும். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் சேர்ந்தால், திடீரென்று வெடிச் சத்தத்துடன் பற்றக்கூடும். அது பின்னர், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். காரைக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெட்ரோல் வாடை பலமாக வீசினால், அது எங்கிருந்து கசிகிறது என்று பார்க்காமல் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது.

கார் ஆழமான தண்ணீரில் ஓடிய பிறகு நின்றுபோயிருந்தால் செல்ஃப் அடிப்பதையே தவிர்த்துவிடுங்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாது. அடுத்த சுற்றிலேயே கனெக்டிங் ராட் வளைந்துவிடக்கூடும்.

படி 1: சுற்றும் ஒலியைக் கேளுங்கள்

நல்ல இன்ஜின் செல்ஃபில் சுற்றும்போது ஒலி சீராக ஏறி இறங்கும். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அழுத்தும்போது வேகம் சற்றே குறைந்து, மறுகணம் கூடுவதால் வரும் தாளம் அது. அந்தத் தாளம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

தாளமே இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக, தடையின்றி ஒரே இரைச்சலாகச் சுற்றினால் இன்ஜினில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழ வேண்டிய அழுத்தம், இல்லை என்று பொருள். பிஸ்டன்களோடு ஒத்திசைந்து வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அல்லது டைமிங் செயின் பல் தாண்டியிருக்கலாம். உடனே நிறுத்திவிடுங்கள். பல இன்ஜின்களில் திறந்த வால்வும் மேலேறும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பெல்ட்தான் அவை மோதாமல் காக்கிறது. அது அறுந்த பின் அடிக்கும் ஒவ்வொரு செல்ஃபும் இன்னும் சில வால்வுகளை வளைக்கக்கூடும். இந்த ஒலி கேட்டால் நேராகப் படி 7-க்குச் செல்லுங்கள்.

தாளம் இருந்து, ஒரு துடிப்பு மட்டும் விடுபடுவதுபோல் கேட்டால் ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவு. அதனால் இன்ஜின் நடுங்கி ஓடுமே தவிர, ஸ்டார்ட் ஆகாமல் இருப்பது அரிது. தாளம் சீராக இருந்தும் மிக மெதுவாகச் சுற்றினால், பிரச்சினை பேட்டரியிலோ கேபிள்களிலோ இருக்கிறது. பேட்டரி டெர்மினல்களில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. அதைவிட முக்கியமானது செல்ஃப் அடிக்கும்போது காட்டும் அளவு. அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. மோட்டார் சுற்றுகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் தட்டுத்தடுமாறிச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த மின்னழுத்தத்தில், இன்ஜினை நிர்வகிக்கும் கணினியான இசியு செயலிழந்துவிடலாம், பொறியும் வலுவிழந்துவிடலாம். ஆகவே பலவீனமான பேட்டரியை வைத்துக்கொண்டு அடுத்த படிகளைச் செய்தால் எல்லா முடிவுகளும் தவறாகவே வரும். முதலில் சார்ஜ் செய்யுங்கள்.

படி 2: டேஷ்போர்டு சொல்வதைப் படியுங்கள்

சாவியை ஆன் நிலையில் வைத்து, செல்ஃப் அடிக்காமல் விளக்குகளைப் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடாதபோது அது எரிவதுதான் இயல்பு, எரியாவிட்டால்தான் கவலை. பல்பு போயிருக்கலாம் என்பது ஒரு சாத்தியம். இசியு-வுக்கு மின்சாரமே போகவில்லை என்பது அதைவிட முக்கியமான சாத்தியம். அப்படியானால் இசியு-வின் ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் கம்பி ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று போனால் பொறியும் பெட்ரோலும் ஒருங்கே நின்றுவிடும்.

அடுத்து, சாவி அல்லது பூட்டு வடிவிலுள்ள, திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசரின் விளக்கு. சாவியைப் போட்டதும் அது அணைய வேண்டும் என்பதே பெரும்பாலான கார்களில் வழக்கம். தொடர்ந்து வேகமாக மின்னினால், சாவிக்குள் உள்ள சிப்பைக் கார் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பல கார்கள் இந்த நிலையில் செல்ஃபை அனுமதித்துவிட்டுப் பெட்ரோலை மட்டும் நிறுத்திவைக்கும். சில கார்கள் ஓரிரு விநாடி ஓடிவிட்டு அணைந்துபோகும். மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். சாவிக்கொத்தில் வேறு சிப் சாவிகள் இருந்தால் அவற்றைத் தள்ளி வையுங்கள். சாவியைத் திருப்பும் வகைக் கார்களில், ரிமோட்டின் சிறிய பேட்டரி தீர்ந்துபோனாலும் சிப் வேலை செய்யும். எனவே அந்தப் பேட்டரியை மாற்றிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

மூன்றாவதாக, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். பல கார்களில் அது 200-ஐ ஒட்டிச் சற்றே எழும்பும். அசையவே இல்லையென்றால், இன்ஜின் சுற்றுவதை இசியு-வுக்குத் தெரிவிக்கும் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் விழுகிறது. ஆனால் சில கார்களில் முள் இந்தக் குறைந்த வேகத்தைக் காட்டாது என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பெட்ரோல் அளவுமானியையும் முழுமையாக நம்ப வேண்டாம். டேங்கிலுள்ள மிதவை சிக்கிக்கொண்டால் காலி டேங்கும் கால் பங்கு காட்டும். சந்தேகம் இருந்தால் சில லிட்டர் ஊற்றிப் பார்ப்பது எல்லாச் சோதனைகளிலும் எளியது.

படி 3: ஸ்கேனரை இணையுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் சிறிய ஸ்கேனரைச் செருகி, பதிவான பிழைக் குறியீடுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிடாதீர்கள். பி0335 கிராங்க் சென்சார் சர்க்யூட்டையும், பி0340 வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் சென்சார் சர்க்யூட்டையும், பி0230 பெட்ரோல் பம்பின் மின் சர்க்யூட்டையும், பி0087 இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பகிரும் குழாயான ரெயிலில் அழுத்தக் குறைவையும், பி0016 கிராங்க்கும் கேமும் ஒன்றோடொன்று பொருந்தாத நிலையையும் குறிக்கின்றன. குறியீடு என்பது எங்கே தேட வேண்டும் என்பதற்கான அடையாளம் மட்டுமே. பி0335 வந்தால் சென்சார்தான் கெட்டது என்று ஆகாது. எலி கடித்த கம்பியும், எண்ணெய் புகுந்த கனெக்டரும் அதே குறியீட்டைத்தான் தரும்.

குறியீடு எதுவும் இல்லையென்றாலும் ஸ்கேனரை மூடிவிடாதீர்கள். நேரடித் தகவல் பக்கத்தில் இரண்டு அளவுகளைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் 150 முதல் 250 வரை காட்ட வேண்டும். இரவு முழுவதும் நின்ற காரில் கூலன்ட் வெப்பநிலையும், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் சென்சாரின் கம்பி அறுந்தால் பல கார்களின் ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி தெரியும். கடுங்குளிர் என்று நம்பி இசியு அளவுக்கு மீறிப் பெட்ரோலைச் செலுத்துமானால், பிளக்குகள் நனைந்து ஸ்டார்ட் ஆவது கடினமாகும்.

ஸ்கேனர் இசியு-வோடு பேசவே மறுத்தால், படி 2-இல் சொன்ன ஃபியூஸ், ரிலே, எர்த் ஆகியவற்றுக்குத் திரும்புங்கள். அவை சரியாக இருந்தால், சென்சார்களுக்குச் செல்லும் 5 வோல்ட் லைனைப் பாருங்கள். பல சென்சார்கள் இந்த ஒரே லைனைப் பகிர்வதால், ஏதோ ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் மற்ற எல்லாமும் சேர்ந்து செயலிழக்கும். ஒவ்வொரு சென்சாராகக் கனெக்டரைக் கழற்றிவரும்போது, எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி.

படி 4: பொறியா, பெட்ரோலா?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சில முறை செல்ஃப் அடித்த பிறகு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை ஈரமாகப் பெட்ரோல் வாடையுடன் இருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவு மீறிவிட்டது. முனை முற்றிலும் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஆனால் இங்கே ஏமாந்துவிட வாய்ப்பு உண்டு: பொறியை நிறுத்தும் அதே குறை பெட்ரோலையும் நிறுத்தியிருக்கலாம். எனவே உலர்ந்த பிளக்கைப் பார்த்ததும் பம்பை வாங்கக் கிளம்பாமல், பொறியையும் சோதித்துவிடுங்கள்.

பொறியைச் சோதிக்க ஸ்பார்க் டெஸ்டர் என்ற சிறிய கருவி போதும். அதை, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலுக்கும் இன்ஜினின் உலோகத்துக்கும் இடையே இணைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களைக் கழற்றிவிடுங்கள். திறந்த பிளக் துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பொறியில் பற்றிவிடக் கூடாது. காயிலில் பல்லாயிரம் வோல்ட் எழுவதால், கம்பியையோ பிளக்கையோ கையில் பிடித்துப் பார்க்கும் பழைய பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். டெஸ்டர் இல்லாமல் காயிலை அந்தரத்தில் தொங்கவிட்டுச் சோதிப்பதும் தவறு. பொறிக்கு எர்த் கிடைக்காவிட்டால் காயிலோ இசியு-வோ சேதமடையலாம்.

படி 5: பொறி இல்லையென்றால்

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் உள்ள இன்ஜினில் நான்கு காயில்களும் ஒரே நாளில் கெடுவதில்லை. நான்கிலும் பொறி இல்லையென்றால் நான்குக்கும் பொதுவான ஒன்றுதான் போயிருக்கிறது. இந்த ஒரு சிந்தனையை மனத்தில் இருத்திக்கொண்டால் வீண் செலவில் பெரும்பகுதி குறையும். பொதுவானவை சிலவே: காயில்களுக்கான ஃபியூஸ், ரிலே, இன்ஜின் எர்த், கிராங்க் சென்சார், இசியு.

முதலில் காயில் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சில கார்களில் சாவியை ஆன் செய்த 2 விநாடிகளுக்குப் பிறகு அந்த மின்சாரம் நின்றுவிடும் என்பதால், செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும். எர்த்தைச் சோதிக்க மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். சுமார் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தால் கிராங்க் சென்சாரிடம் வருகிறோம். கிராங்க் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை இசியு அறிவது இதன் வழியாகத்தான். சிக்னல் இல்லாவிட்டால் இன்ஜின் சுற்றுவதே இசியு-வுக்குத் தெரியாது. பெரும்பாலான கார்களில் பொறி, இன்ஜெக்டர் இரண்டும் நின்றுவிடும், பெட்ரோல் பம்பும் 2 விநாடிகளுக்குப் பின் அணைந்துவிடும். இரண்டு கம்பிகள் கொண்ட காந்தச் சுருள் வகையில் மின்தடையை அளக்கலாம். பெரும்பாலும் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துக்குச் சற்று மேல் வரை இருக்கும். உங்கள் காருக்கான சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடித்தால் சிறிய மின்னழுத்தமும் தோன்ற வேண்டும். மூன்று கம்பிகள் கொண்ட ஹால் வகையில் ஓம் அளப்பதில் பொருளில்லை. மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா, சிக்னல் கம்பியில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்தச் சென்சாருக்கு ஓர் இயல்பு உண்டு. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, இன்ஜின் நன்றாகச் சூடான பின் சிக்னலை நிறுத்திவிடும். ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று அணைந்து, அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால், என் முதல் சந்தேகம் இதன் மீதுதான். சென்சார் ஆறிய பிறகு எடுத்த அளவுகள் எல்லாம் சரியாகவே காட்டும் என்பதால், குறை வெளிப்படும் அந்தச் சூட்டிலேயே சோதிக்க வேண்டும்.

படி 6: பெட்ரோல் வரவில்லையென்றால்

சுற்றிலும் அமைதியாக இருக்கும்போது சாவியை ஆன் செய்யுங்கள். பல கார்களில் டேங்க் பக்கமிருந்து பம்பின் மெல்லிய ரீங்காரம் சுமார் 2 விநாடிகளுக்குக் கேட்கும். கேட்கவில்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு பம்ப் ரிலேயைக் கழற்றி, அதே எண் கொண்ட வேறொரு ரிலேயை, ஹாரன் ரிலேயைப் போன்ற ஒன்றை, அந்த இடத்தில் செருகிச் சோதியுங்கள். விபத்தின்போது பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் சில கார்களில் உண்டு. ஒரு பலமான குலுக்கலிலும் அது விழுந்துவிடலாம், அதன் மேலுள்ள பட்டனை அழுத்தினால் மீளும்.

பம்பின் கனெக்டரில் 12 வோல்ட்டும் நல்ல எர்த்தும் இருந்தும் பம்ப் ஓடவில்லையென்றால், பம்ப்தான் கெட்டிருக்கிறது. ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டும்போது இன்ஜின் உயிர்பெற்றால் அது இன்னும் உறுதியாகிறது. அப்படி ஓடினாலும் அது பழுது நீங்கியதாகாது. அடுத்து எங்கு நிற்கும் என்று சொல்ல முடியாது.

ரீங்காரம் கேட்பதால் மட்டும் அழுத்தம் போதும் என்று ஆகாது. சாதாரண பெட்ரோல் இன்ஜெக்ஷன் இன்ஜினில் ரெயிலில் சுமார் 3 முதல் 4 பார் இருக்க வேண்டும். கேஜை இணைத்துத்தான் அறிய முடியும். காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் கேட்கும் கார், சாவியை மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் செய்த பின் உடனே ஸ்டார்ட் ஆனால், இரவில் அழுத்தம் வடிந்துவிடுகிறது என்று பொருள். பம்பிலுள்ள செக் வால்வோ கசியும் இன்ஜெக்டரோ காரணமாகலாம். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினின் உயர் அழுத்தக் குழாய்களை வீட்டில் கழற்ற வேண்டாம். அவற்றில் நூறு பாருக்கு மேல் அழுத்தம் இருக்கக்கூடும்.

அழுத்தம் சரியாக இருந்தும் பிளக் உலர்ந்திருந்தால் இன்ஜெக்டருக்குக் கட்டளை வருகிறதா என்று நாய்ட் லைட் என்ற சிறிய சோதனை விளக்கைக் கனெக்டரில் செருகிப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது அது மின்ன வேண்டும். மின்னவில்லையென்றால் இம்மொபிலைசருக்கும் கிராங்க் சென்சாருக்கும் திரும்புங்கள்.

பெட்ரோல் அளவு மீறிப் பிளக்குகள் நனைந்திருந்தால், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் இசியு இதை உணர்ந்து பெட்ரோலை நிறுத்தும். காற்று மட்டும் சென்று சிலிண்டர்களை உலர்த்தும்.

படி 7: கம்ப்ரஷனும் டைமிங்கும்

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே கேம் ஷாஃப்ட் தெரியும் இன்ஜின்களில், ஒருவர் ஒரு கணம் மட்டும் செல்ஃப் அடிக்க அது சுற்றுகிறதா என்று கவனிக்கலாம். சுற்றவில்லையென்றால் பெல்ட் அறுந்தது உறுதி. சுற்றினாலும் சில பற்கள் தாண்டியிருக்கலாம். அதற்கு டைமிங் குறிகளைப் பார்க்க வேண்டும்.

கம்ப்ரஷன் அளப்பதற்கு எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பொறியையும் பெட்ரோலையும் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். நல்ல பெட்ரோல் இன்ஜின் பொதுவாக 10 முதல் 14 பார் வரை காட்டும். எல்லாச் சிலிண்டர்களிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் டைமிங் தாண்டியிருக்கலாம். அல்லது பெட்ரோல் மிகுந்து சிலிண்டர் சுவரிலிருந்த எண்ணெயைக் கழுவியிருக்கலாம். குளிர்ந்த காரைச் சில மீட்டர் மட்டும் நகர்த்தி அணைத்துவிடும்போது இந்த இரண்டாவது நிலை ஏற்படுவதுண்டு. பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளந்தால், அளவு ஏறினால் குறை பிஸ்டன் ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு பக்கம்.

படி 8: காற்றும் சைலன்சரும்

அழுக்கான ஏர் ஃபில்டர் மட்டும் இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுப்பது அரிது. எலிக்கூடு, கழன்றுபோன காற்றுக் குழாய், திறக்காத த்ராட்டில் ஆகியவற்றைப் பாருங்கள். உள்ளே உருகி அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகையை வெளியேறவிடாது. பழைய புகை வெளியேறாமல் புதிய காற்று உள்ளே வராது. ஆறிய இன்ஜினில் கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆனால் அடைப்பு அங்கேதான்.

டீசல் கார் என்றால்

டீசலில் சைலன்சர் முனையைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டரை அடைகிறது, ஆனால் எரியவில்லை. குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகள், கம்ப்ரஷன், சுற்றும் வேகம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. டேங்க் காலியான பிறகோ ஃபில்டரை மாற்றிய பிறகோ இப்படி ஆனால் ஏர் லாக், அதாவது குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். கைப் பம்பு இருந்தால் அது கடினமாகும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். காமன் ரெயில் இன்ஜின்களில் ரெயில் அழுத்தம் சுமார் 200 முதல் 300 பார் வரை எழாதவரை இசியு பெரும்பாலும் இன்ஜெக்டரைத் திறக்காது. ஸ்கேனரில் இந்த அளவைப் பார்ப்பதே பாதுகாப்பான வழி. குழாயைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினின் காற்றுக் குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயையும் அடிக்கக் கூடாது. நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும்.

மெக்கானிக்கிடம் ஒப்படைக்கும்போது

இந்தப் படிகளில் எதுவரை வந்தீர்களோ அதுவரை கண்டதை எழுதிக் கொடுங்கள்: செல்ஃப் ஒலி எப்படி இருந்தது, செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட், எந்த விளக்கு மின்னியது, என்ன குறியீடு, பிளக் ஈரமா உலர்வா, பொறி இருந்ததா, குறை சூட்டிலா குளிரிலா, அதற்குச் சற்று முன் காரில் என்ன வேலை நடந்தது. கடைசிக் கேள்வியைத் தவறவிட வேண்டாம். சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள் ஸ்டார்ட் ஆகாத காரில், சரியாகச் செருகப்படாத ஒரு கனெக்டரைத் தேடுவதுதான் முதல் வேலை.